பேறுகாலத்தில் ஆண்கள் எங்கே இருந்தார்கள்?

நம் கூட்டமைப்பு மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். சேமிப்பு பற்றி, வங்கிக் கடன் பற்றி, கறவை மாடு பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். எனக்குத் தெரிந்த பெரிய வரலாறு எங்கள் வீட்டு மூன்று தலைமுறைப் பெண்களின் பிள்ளைப்பேறுதான். ஆனால் அந்தக் கதையை எல்லோரும் பெண்களை மட்டும் வைத்தே சொல்கிறார்கள். அம்மா இருந்தாள், மாமியார் இருந்தாள், மருத்துவச்சி வந்தாள் என்பார்கள். அந்த நேரம் புருஷன் எங்கே இருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் நான் கேட்டுப் பார்த்தேன். பெரியவங்களிடம் கேட்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

முதலில் நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போகலாம். மதுராந்தகம், அச்சிறுபாக்கம் தாண்டினால் திண்டிவனம். சுமார் 130 வருஷத்துக்கு முன்னாடி அங்கே ஜான் ஸ்கடர் என்ற வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். அவர் மகள் ஐடா, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த இளம்பெண். ஒரே இராத்திரியில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த வீட்டு வாசலுக்கு வந்தார்களாம். மூவரும் வேறு வேறு சாதி, மதம். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க வந்து பாருங்கம்மா" என்று ஐடாவைக் கூப்பிட்டார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, எங்க அப்பாதான் டாக்டர், அவர் வருவார்" என்றாள் அவள். அந்நிய ஆம்பளை வந்து பார்ப்பதற்கு எங்கள் வழக்கம் இடம் கொடுக்காது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த இராத்திரிதான் ஐடாவை டாக்டருக்குப் படிக்க வைத்தது என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார்கள். அமெரிக்காவில் படித்து முடித்துத் திரும்பி வந்தார். வேலூரில் 1902-ல் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவமனையும், 1918-ல் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளியும் வளர்ந்துதான் இன்று நாம் சொல்கிற வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஆனது.

இந்தக் கதையை ஐடா அம்மாவின் பெருமைக்காக எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த மூன்று ஆண்கள்தான் மனசில் நிற்கிறார்கள். அவங்க வராம இல்லை. இராத்திரியில் எழுந்து ஓடி வந்திருக்கிறார்கள். பெண்டாட்டி மேல் அக்கறை இல்லாதவன் அப்படி வர மாட்டான். ஆனால் வழக்கம் என்று வந்தபோது அவங்களுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. உள்ளே வலியில் கிடந்தவளைக் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ. கேட்டதாகக் கதையில் இல்லை.

சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே வந்துவிட்டது. அதுதான் இன்றைய எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை. ஆம்பளை டாக்டரிடம் வரத் தயங்கும் பெண்களுக்காக, கோஷா ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வது 1885-ல் வந்தது. அதைத் தொடங்கக் காரணமாக இருந்தவர் மேரி ஷார்லீப் என்ற பெண் டாக்டர். ஆனால் இதெல்லாம் பட்டணத்துக்கு. நம்ம கிராமங்களில் மருத்துவச்சிதான் எல்லாம்.

எனக்குப் பிறந்த ஊர் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடற்கரையோரம். எங்க ஆயாவுக்கு ஏழு பிள்ளை பிறந்தது, ஐந்து தங்கியது. "தாத்தா எங்க இருப்பாரு ஆயா?" என்று கேட்டேன். "திண்ணையிலதான். மருத்துவச்சியக் கூட்டியாற வரைக்கும் அவரு வேலை. அப்புறம் வெந்நி வைக்க வெறகு பொளந்து போடுவாரு. உள்ள வரக் கூடாது. பதினோரு நாள் தீட்டு கழியற வரைக்கும் புள்ள மூஞ்சியக்கூட வாசப்படியில நின்னுதான் பாப்பாரு" என்றது.

ஆனால் ஆண்களுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது என்று பழைய காலத்தைச் சொல்லிவிட முடியாது. மனைவி மாசமா இருந்தால் புருஷனுக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. பிணம் தூக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது, முடி இறக்கக் கூடாது என்பார்கள். இன்னும் சில வீட்டில் பார்க்கிறார்கள். இதனால் தாய்க்கோ பிள்ளைக்கோ என்ன நன்மை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருப்பது புருஷன் நடந்துகொள்கிற விதத்திலும் தெரிய வேண்டும் என்று நம்ம முன்னோர் நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பு நல்ல நினைப்புதான். தாடி வளர்த்ததற்குப் பதிலாக அவள் தலையில் இருந்த தண்ணீர்க் குடத்தை வாங்கியிருந்தால் இன்னும் நல்லா இருந்திருக்கும்.

தலைப்பிள்ளைக்கு அம்மா வீடு என்பது இன்னொரு வழக்கம். ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளையல் போட்டு, கலந்த சாதம் கட்டி, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு அது ஓய்வு. மாமியார் வீட்டு வேலையிலிருந்து விடுதலை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வலி எடுக்கிற நேரத்தில் புருஷன் வேறு ஊரில் இருப்பான். பிள்ளை பிறந்த செய்தி அவனுக்கு ஆள் மூலம் போகும். முதல் பிள்ளையிலேயே இது பொம்பளைங்க சமாச்சாரம், நமக்கு இதில் வேலை இல்லை என்று அவன் பழகிவிடுகிறான்.

எங்க அத்தை, அதாவது என் மாமியார், காலத்தில் கொஞ்சம் மாறியது. அவங்க ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். செங்கல்பட்டில் 1965-ல் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, ரொம்ப முடியாவிட்டால் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் சனங்களுக்கு வந்தது. 1984-ல் என் வீட்டுக்காரர் பிறந்தபோது அத்தைக்கு இரண்டு நாள் வலி. மாமா மாட்டு வண்டி பூட்டிவிட்டு வாசலில் நின்றாராம். "போலாமா போலாமான்னு அவரு கேட்டுக்கினே இருந்தாரு. எங்க மாமியாரு இன்னும் கொஞ்சம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. அவங்க பேச்ச மீறி அவரால ஒரு வார்த்த சொல்ல முடியல" என்று அத்தை சொன்னாங்க. கடைசியில் நஞ்சுக்கொடி விழாமல் இரத்தம் போக ஆரம்பித்த பிறகுதான் வண்டி கிளம்பியது. அத்தை பிழைத்தது கடவுள் புண்ணியம்.

1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பிரசவத்தில் தாய்மார்கள் சாவதற்கு மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் வைத்தியம் கிடைப்பதில் தாமதம். மாமா இரண்டாவது தாமதத்துக்கு வண்டி பூட்டித் தயாராக இருந்தார். முதல் தாமதத்தில்தான் மாட்டிக்கொண்டார். நம்ம ஊர் ஆம்பளைங்க பலர் கதை இதுதான். வண்டி அவங்க கையில் இருந்தது. எது ஆபத்து என்று யாரும் அவங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அரசாங்கம் அந்தக் காலத்தில் ஆண்களைக் கூப்பிடவே இல்லையா என்றால், கூப்பிட்டது. ஆனால் ஒரே ஒரு காரியத்துக்கு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்குப் பணம் கொடுக்கும் முறையை 1950களிலேயே தொடங்கியது நம்ம சென்னை மாகாணம். அப்போது ஆண்கள்தான் அதிகம் செய்துகொண்டார்கள். பிறகு 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலம் வந்தது. 1976-77 ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. பல இடங்களில் வற்புறுத்திச் செய்ததால் சனங்களுக்குக் கோபம். அதற்குப் பின் ஆண்களைத் தொடவே அதிகாரிகள் பயந்தார்கள். பாரம் முழுக்க நம்ம மேல் வந்து விழுந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு சுமார் 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆயிரத்துக்கு ஒருவர். பெண்களுக்கான ஆபரேஷனைவிட ஆண்களுக்கானது சின்னது, சீக்கிரம் முடிவது. இருந்தும் இப்படி.

இப்போது நம்ம மாவட்டத்திலேயே நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்கிறேன். 1981-ல் செங்கல்பட்டு பக்கம் முதியோர் கல்வி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பத்துப் பதின்மூன்று பெண்கள் ஒன்றுசேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கினார்கள். பெரும்பாலும் சேரியில் பிறந்த தலித் பெண்கள். அவர்களோடு சேர்ந்து நின்றவர் டி.கே. சுந்தரி ரவீந்திரன் என்ற பொருளாதாரம் படித்த அம்மா. ஊரகப் பெண்களுக்கான சமூகக் கல்வி மையம் என்று அர்த்தம் வரும் அந்த அமைப்பைச் சுருக்கமாக ரூவ்செக் என்பார்கள். தருமபுரியில் 1989-ல் நம்ம மாதிரி குழுக்களை அரசு தொடங்குவதற்கு 8 வருஷம் முன்னாடி நடந்த கதை இது. அந்தப் பெண்கள் கிராமம் கிராமமாகப் போய் உட்கார்ந்து, உடம்பைப் பற்றி, பிள்ளைப்பேறு பற்றி, அடி உதை பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். பிற்பாடு திருக்கழுக்குன்றம் பக்கம் கருமாரப்பாக்கத்தில் ஒரு கிளினிக்கும் வைத்தார்கள்.

பெண்களோடு மட்டும் பேசி முடியாது என்று அவர்களுக்குப் புரிந்தது. கூட்டத்தில் எல்லாம் தெரிந்துகொண்டு ஒருத்தி வீட்டுக்குப் போனால், வீட்டில் முடிவு எடுப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஆண்களோடும் வயசுப் பையன்களோடும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். 1994-ல் எகிப்து நாட்டு கெய்ரோ நகரில் 179 நாடுகள் கூடி மக்கள்தொகை மாநாடு நடத்தியபோது, பிள்ளைப்பேற்றிலும் குடும்பக் கட்டுப்பாட்டிலும் ஆண்களுக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதி வைத்தார்கள். உலகம் மாநாடு போட்டுச் சொன்னதும் நம்ம செங்கல்பட்டுப் பெண்கள் மரத்தடியில் பேசியதும் ஒரே விஷயம்தான். இது எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால்தான் இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

சரி, என் தலைமுறைக்கு வருகிறேன். எனக்கு 2010-ல் மகள், 2014-ல் மகன். அதற்குள் நிறைய மாறிவிட்டது. 108 வண்டி 2008-லேயே வந்துவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று உயர்ந்தது. 1998-99 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100-க்கு 79 பிரசவம்தான் ஆஸ்பத்திரியில். 2019-21-ல் 99.6. தாய்மார் சாவும் குறைந்தது. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியா முழுக்க எடுத்தால் 97.

ஆனால் திண்ணை மட்டும் மாறவில்லை. வீட்டுத் திண்ணை ஆஸ்பத்திரி கேட் ஆகிவிட்டது. 2004-ல் தமிழ்நாடு அரசு பிரசவ அறையில் துணைக்கு ஒரு ஆள் இருக்கலாம் என்று கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதலில் செய்தது நாம்தான் என்பார்கள். அது பெரிய நிம்மதி. என் இரண்டு பிரசவத்துக்கும் அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் நின்றது அதனால்தான். ஆனால் அந்தத் துணை பெண்ணாக, பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். ஒரே அறையில் பல பெண்கள் படுத்திருக்கும்போது ஆம்பளையை விட முடியாது, அது நியாயம். 2016-ல் மத்திய அரசு பிரசவத் துணை பற்றிச் சொன்னபோது, மறைப்பு வசதி இருக்கிற இடத்தில் கணவரையும் விடலாம் என்றது. நடுவில் ஒரு திரை, ஒரு தடுப்பு இருந்தால் போதும். அது இல்லாத இடத்தில் கணவர் கேட் வெளியேதான்.

மகன் பிறந்தபோது என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு இராத்திரி முழுக்க நின்றார். நடுவில் ஒரு தடவை கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எதுக்கு என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. "உனக்கு என்ன ஆச்சோன்னு கை நடுங்கிச்சு, கேக்கவும் தெரியல" என்று பிற்பாடு சொன்னார். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றால் முன்னாடியே செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு அவரும் வந்திருக்க வேண்டும். வர முடியவில்லை. அவர் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி போச்சு. அடிக்கடி லீவு எடுத்தால் வேலையே போச்சு. மத்திய அரசு ஊழியருக்கு 1997 முதல் மனைவி பிரசவத்துக்கு 15 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. காண்ட்ராக்ட் ஆளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கொக்கிலமேடு, புதுப்பட்டினம் குப்பத்தில் கடலுக்குப் போகிறவருக்கு யார் லீவு கொடுப்பது? ஆம்பளைக்கு அக்கறை இல்லை என்று சொல்வதற்கு முன்னாடி இதையும் பார்க்க வேண்டும்.

கூப்பிட்டால் வருவார்களா? டெல்லியில் 2000 வருஷ வாக்கில் இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் பரீட்சித்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளோடு அவர்கள் கணவர்களையும் அழைத்து, இருவருக்கும் சேர்த்து ஆலோசனை சொன்னார்கள். அவங்களும் நம்ம மறைமலை நகர் ஆட்களைப் போலத் தொழிலாளிகள்தான். கூப்பிட்ட இடத்தில் வந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் குடும்பக் கட்டுப்பாடு பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் கூடியது. இதைப் படித்தபோது எனக்குத் திண்டிவனத்து மூன்று பேர் ஞாபகம் வந்தது. அவர்களும் தானாக வந்தவர்கள்தானே.

ஆனால் சகோதரிகளே, ஒன்றை மறக்கக் கூடாது. புருஷன் கூட வருவது வேறு, புருஷன் சொல்வதுதான் நடக்கும் என்பது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஆண்களையும் ஈடுபடுத்துங்கள் என்று பரிந்துரை செய்தபோது, அந்தப் பெண்ணின் விருப்பத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. நம்ம குழுவிலேயே சில பேர் நர்ஸம்மாவிடம் தனியாகப் பேசத்தான் விரும்புவார்கள். வீட்டில் அடி வாங்குகிறவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன பேசுவாள்? முத்துலட்சுமி ரெட்டி பணம் அவள் பெயரில் வருகிறது. அது முட்டையும் பழமுமாக அவள் வயிற்றுக்குப் போக வேண்டியது. டாஸ்மாக்குக்குப் போனால் அது கூட இருப்பது ஆகாது. பாஸ்புக் அவள் கையில் இருக்கட்டும், பை அவன் தூக்கட்டும்.

வரலாறு எழுதச் சொன்னதால் இவ்வளவு எழுதினேன். நம்ம கூட்டமைப்பு செய்யக்கூடியதாக எனக்குத் தோன்றும் நாலு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்கலாம்.

ஒன்று, நம்ம குழு வீடுகளில் யார் மாசமா இருந்தாலும், அவளுக்குச் சம்மதம் என்றால், ஒரு செக்கப்புக்காவது வீட்டுக்காரர் கூட வர வேண்டும் என்று நாமே போய்ச் சொல்லலாம். அன்றைய கூலி போகிறதே என்று தயங்கும் வீட்டுக்கு நம்ம சேமிப்பிலிருந்து சின்னதாகக் கைமாற்று கொடுக்கலாம்.

இரண்டு, ஆபத்து அறிகுறிகளை ஆம்பளைங்களுக்கும் மனப்பாடம் ஆக்கலாம். இரத்தப் போக்கு, விடாத தலைவலியோடு முகம் கை வீக்கம், கண் மங்கல், வலிப்பு, பிள்ளை அசைவு குறைவது, வலி வருமுன் பனிக்குடம் உடைவது. இதில் ஒன்று வந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும். எங்க மாமாவுக்கு 1984-ல் இது தெரிந்திருந்தால் வண்டி முதல் நாளே கிளம்பியிருக்கும்.

மூன்று, நம்ம பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ அறைக்குத் திரைத் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் கிராம சபையில் மனு கொடுக்கலாம். விருப்பப்படுகிற பெண்ணுக்குப் புருஷன் பக்கத்தில் இருக்க அது வழி செய்யும். விருப்பமில்லாதவளுக்கு அம்மாவோ அத்தையோ இருக்கட்டும்.

நாலு, வளைகாப்பு. அங்கன்வாடியில் சேர்ந்து வளைகாப்பு நடத்தும்போது பெண்களை மட்டும் உட்காரவைத்துச் சத்துணவு பற்றிச் சொல்கிறார்கள். அன்றைக்கே புருஷன்மாரையும் வரவழைத்து அரை மணி நேரம் நர்ஸம்மா பேசட்டும். கலந்த சாதம் சாப்பிட வருகிறவர்கள்தானே, கேட்டுவிட்டுப் போகட்டும்.

என் மகளுக்கு இப்போது பதினாலு வயசு. அவளுக்கு ஒரு காலம் வரும்போது, கட்டிக்கிற பையன் திண்ணையிலோ கேட்டிலோ விஷயம் தெரியாமல் நிற்கக் கூடாது. அதற்காக இப்போது பத்து வயசாகிற என் மகனிடமிருந்தே ஆரம்பித்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா மாசமா இருக்கிறாள். அவள் தண்ணீர்க் குடத்தை இவன்தான் தூக்கிக்கொண்டு போகிறான்.